மிஸ்டர் கீன் யார்? நாடகப் படத் தொகுப்பொன்றைத் திறந்த தரவோடு இணைத்த அனுபவம்

இந்தத் தொகுப்பில் இருப்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில, அமெரிக்க நாடக மேடைக் கலைஞர்களின் உருவப்படங்கள். உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை பாதி. அட்டையில் ஒட்டிய சிறு புகைப்படங்கள் மீதி. இடையிடையே நாடக அறிவிப்புத் தாள்கள். நூலகம் எல்லாவற்றையும் நல்ல தெளிவில் வருடி இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் உடையின் தையல் வரை தெரிகிறது. ஆனால் விவரப் பகுதியில் 'மிஸ்டர் கீன், மூன்றாம் ரிச்சர்டாக' என்று ஒரே வரிதான். எந்தக் கீன்? தந்தை எட்மண்ட் கீனா, மகன் சார்லஸ் கீனா? இருவருமே அந்த வேடத்தைக் கட்டியவர்கள். பட்டியல் பதில் சொல்லவில்லை. படத்தைத் தேடி வருகிறவருக்கும் அறிந்துகொள்ள வழியில்லை.

அந்த ஒற்றை வரிகளில் அடைபட்டிருக்கும் மனிதர், வேடம், நாடகம், அரங்கு, புகைப்பட நிலையம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, உலகின் திறந்த தரவுத்தளங்களில் உள்ள அடையாளங்களோடு இணைப்பதுதான் வேலை. இப்படி ஒன்றையொன்று சுட்டி நிற்பதற்கு இணைக்கப்பட்ட தரவு என்று பெயர். அதற்கான நான்கு விதிகளை, வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதினார். பொருள்களுக்கு யூஆர்ஐ, அதாவது ஒன்றைத் தனித்துச் சுட்டும் முகவரி போன்ற அடையாளம், கொடுங்கள். இணையத்தில் திறக்கக்கூடிய யூஆர்ஐயாகக் கொடுங்கள். திறந்து பார்ப்பவருக்கு அப்பொருளைப் பற்றிய ஒழுங்கான தகவலைத் தாருங்கள். அத்தகவலிலிருந்து பிற யூஆர்ஐகளைச் சுட்டுங்கள். நூலகத்தாருக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல. ஒருவர் எத்தனை பெயரில் எழுதினாலும் அவருக்கு ஒரே நிலையான தலைப்பு வடிவம் என்று அத்தாரிட்டி கோப்புகளை அவர்கள் வெகுகாலமாகப் பராமரித்து வருகிறார்கள். அந்தத் தலைப்பு வடிவத்தின் இடத்தில் இப்போது ஓர் அடையாள எண் நிற்கிறது. அதை எவரும் எங்கிருந்தும் சுட்டலாம். மாற்றம் அவ்வளவே, ஆனால் அதன் விளைவு பெரியது.

சுத்தம் செய்தல்

பட்டியலை விரிதாளாக ஏற்றுமதி செய்தவுடன் செய்த முதல் காரியம், மூல விவர வரியை அப்படியே ஒரு நெடுவரிசையில் வைத்துப் பூட்டியது. அந்த வரியை எழுதிய பட்டியலாளர் படத்தின் பின்புறத்தையும், அது வந்த ஆல்பத்தையும் நேரில் பார்த்து எழுதியிருப்பார். நமக்குப் பிழை போலத் தெரிவது அவருக்குத் தெரிந்த செய்தியாக இருக்கலாம். இந்த வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இது: திருத்தங்கள் எல்லாம் புதிய நெடுவரிசைகளில்தான் நடக்க வேண்டும், மூல வரியை அழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

சுத்தம் செய்யப் பயன்படுத்தியது ஓப்பன்ரிஃபைன். 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் வெளிவந்து, கூகுள் ரிஃபைன் ஆகி, பின்னர் சமூகத்தின் கைக்கு வந்த கட்டற்ற மென்பொருள். நம் கணினியிலேயே ஓடுகிறது; உலாவியில் திறக்கிறது. அதிலுள்ள கொத்தாக்கும் வசதி இத்தகைய பட்டியல்களுக்கென்றே செய்தது போன்றது. 'கைரேகை' முறை, பெயரிலுள்ள நிறுத்தக்குறிகளை நீக்கி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி ஒப்பிடுகிறது. 'பூத், எட்வின்' என்பதும் 'எட்வின் பூத்.' என்பதும் ஒரே கொத்தில் வந்து விழுகின்றன. எழுத்துப் பிழைகளைப் பிடிக்க லெவன்ஷ்டைன் தொலைவு என்ற முறை உண்டு. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணுவது அது.

அந்த இரண்டாவது முறை நாடகத் தொகுப்பில் ஆபத்தானது. ஆங்கில எழுத்தில் 'மிஸ்டர் கீன்', 'மிஸஸ் கீன்' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. கணினியின் கணக்கில் அது தட்டச்சுப் பிழை. நம் கணக்கில் கணவனும் மனைவியும். எனவே முன்னொட்டுகளை முதலில் தனி நெடுவரிசைக்குப் பிரித்துவிட்டு, அதற்குப் பிறகே கொத்தாக்க வேண்டும். இரண்டையும் வரிசை மாற்றிச் செய்தால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

பொருத்திப் பார்த்தல்

எதோடு இணைப்பது என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்க் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கொத்துகளாக வைத்திருக்கும் விஐஏஎஃப், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2009 முதல் திறந்து வைத்திருக்கும் இணைப்புத் தரவுச் சேவை, கலைப்பொருள் வகைகளுக்கு கெட்டி நிறுவனம் 2014இல் திறந்துவிட்ட சொற்களஞ்சியம், 2012இல் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தரவுத்தளம் விக்கித்தரவு. நான் நடுவில் வைத்தது விக்கித்தரவை. காரணம் எளியது: அதன் உருப்படிகள், அதாவது ஒவ்வொரு மனிதருக்கும் பொருளுக்கும் உள்ள பதிவுகள், மற்றவர்களின் எண்களையும் சுமக்கின்றன. பி214 என்ற பண்பில் (தகவலின் வகையைக் குறிக்கும் புலம்) விஐஏஎஃப் எண், பி244இல் காங்கிரஸ் நூலக எண், பி227இல் ஜெர்மன் தேசிய நூலக எண், பி268இல் பிரெஞ்சு தேசிய நூலக எண். ஒருவரை விக்கித்தரவில் சரியாக அடையாளம் கண்டுவிட்டால் மற்ற எண்களை ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் ஒரே வினவலில் வாங்கிவிடலாம். தரவு முழுவதும், எவரும் தடையின்றிப் பயன்படுத்த விடும் சிசி0 உரிமத்தில் இருப்பதால் நம் பக்கத்தில் எடுத்து வைக்கவும் தடையில்லை.

இந்த இடத்தில் ஒன்று. நாடகத் துறைக்கென்றே அருமையான தரவுத்தளங்கள் சில உள்ளன. நியூயார்க் பிராட்வே மேடையேற்றங்களைத் தொகுக்கும் தளம் ஒன்று விக்கித்தரவிலும் பண்பு பெற்றிருக்கிறது. அத்தகைய தளங்களை நோக்கிச் சுட்டலாம்; வாசகருக்கு மிகுந்த பயன். ஆனால் சுட்டுவதற்குக் கிடைப்பது வேறு, தரவை எடுத்துக்கொள்ள அனுமதி இருப்பது வேறு. உரிமம் தெளிவாக எழுதப்படாத இடத்திலிருந்து ஒரு தேதியைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. சுட்டி மட்டும் போட்டேன்.

ஓப்பன்ரிஃபைனில் ஒரு நெடுவரிசையைத் தேர்ந்து பொருத்தச் சொன்னால், ஒவ்வொரு பெயருக்கும் வேட்பாளர் பட்டியலும் மதிப்பெண்ணும் வருகின்றன. 'மனிதர்' என்ற வகைக்குள் மட்டும் தேடச் சொல்லலாம். அந்த வகையின் எண் கியூ5. பிறந்த ஆண்டு கையில் இருந்தால் அந்த நெடுவரிசையையும் பிறந்த தேதிக்கான பி569 பண்போடு சேர்த்து அனுப்பலாம். மதிப்பெண் நன்றாகத் தெளிவடைகிறது. அதிக மதிப்பெண் பெற்றதைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. நாடகத் தலைப்புகளுக்கு அதைப் பயன்படுத்தினேன். மனிதர்களுக்கு அணைத்து வைத்தேன். அந்த மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துகளின் ஒற்றுமையை அளக்கிறது. ஆளை அது அறியாது.

கீனையே எடுத்துக்கொள்ளலாம். எட்மண்ட் கீன் 1787இல் பிறந்து 1833இல் இறந்தார். மகன் சார்லஸ் 1811 முதல் 1868 வரை வாழ்ந்தவர். டாகெரியோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகவே நேரில் அமரவைத்து எடுத்த புகைப்படம் என்றால் அது எட்மண்டாக இருக்க முடியாது. அட்டையில் ஒட்டிய சிறு புகைப்பட வடிவத்துக்குப் பாரிஸில் டிஸ்டேரி காப்புரிமை பெற்றது 1854இல். அந்த வடிவத்தில் உள்ள கீன், சார்லஸ்தான் என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். பழைய ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் புகைப்படமெடுத்து அதே அட்டைகளில் ஒட்டி விற்றிருக்கிறார்கள். எனவே அட்டையின் வடிவம் மட்டும் போதாது. படத்தைத் திறந்து, நிற்பது உயிருள்ள மனிதரா, ஓவியத்தின் நகலா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும்.

செதுக்கி அச்சிட்ட படங்களுக்கு வேறு தடயம். அவற்றின் அடியில் வெளியிட்டவர் பெயரும் தேதியும் பொடி எழுத்தில் இருப்பதுண்டு. பட்டியலில் அது ஏறாமல் விட்டிருக்கலாம். வருடிய படத்தில் இருக்கிறது. எட்மண்ட் கீன் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்து ஷைலக்காக முதன்முதல் தோன்றியது 1814 ஜனவரி 26. சார்லஸ் அதே அரங்கில் முதலில் மேடையேறியது 1827இல். அச்சுத் தேதி 1827க்கு முந்தையது என்றால் அது தந்தை. 1827க்கும் 1833க்கும் இடைப்பட்டது என்றால் இருவரும் மேடையில் இருந்த காலம். வேறு தடயம் வேண்டும். 1833க்குப் பிந்தையது என்றாலும் தந்தையை விலக்கிவிட முடியாது. புகழ்பெற்றவர்களின் படங்களை அவர்கள் இறந்த பிறகும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்படி ஊடகம், தேதி, பெயர் மூன்றையும் வைத்து ஒரு விதி அட்டவணை எழுதிக்கொண்டேன். அந்த விதிகள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. வாய்ப்பே இல்லாதவர்களை விலக்க மட்டும் செய்கின்றன. தேர்ந்தெடுப்பது மனிதரின் வேலை. இதை நான் மிகவும் உறுதியாக நம்புகிறேன். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு யூஆர்ஐயை வைப்பது 'இவர்தான் அவர்' என்று நூலகத்தின் பெயரால் கூறுவது. அந்தக் கூற்றை மற்ற தளங்கள் அறுவடை செய்து கொண்டுபோகும். அங்கிருந்து இன்னும் பல இடங்களுக்குப் போகும். நம் பக்கத்தில் பிறகு திருத்தினாலும் அவை திரும்பி வரா. எனவே ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் நான்கு நெடுவரிசைகள் சேர்த்தேன்: எதை வைத்து முடிவு செய்தோம், எவ்வளவு உறுதி, யார் முடிவு செய்தது, எப்போது. 'அச்சுத் தேதி 1814, படத்தின் அடியில்' என்று ஒரு வரி இருந்தால் போதும். ஐயம் கொள்கிறவர் படத்தைத் திறந்து தானே பார்த்துக்கொள்வார்.

பூத் குடும்பத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. ஜூனியஸ் புரூட்டஸ் பூத் (1796–1852) லண்டனில் பிறந்து அமெரிக்கா சென்ற நடிகர். அவருடைய மூத்த மகனுக்கும் அதே பெயர் (1821–1883). மற்ற மகன்கள் எட்வின் (1833–1893), லிங்கனைக் கொன்ற ஜான் வில்க்ஸ் (1838–1865). 1864 நவம்பர் 25 அன்று நியூயார்க் விண்டர் கார்டன் அரங்கில் மூன்று சகோதரர்களும் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் சேர்ந்து நடித்தார்கள்: எட்வின் புரூட்டஸாக, இளைய ஜூனியஸ் காசியஸாக, ஜான் வில்க்ஸ் மார்க் ஆண்டனியாக. பூத் பெயர் கொண்ட ஒரு படத்தில் 'புரூட்டஸ்' என்ற சொல்லைக் கண்டால் அது வேடமா, நடிகரின் நடுப்பெயரா என்றே முதலில் கேட்க வேண்டும்.

பட்டப்பெயர்களும் உண்டு. ரோமாபுரி நடிகன் ராஸ்கியஸின் பெயரைப் புகழ்மொழியாகப் பலருக்கும் சூட்டினார்கள். டேவிட் காரிக்குக்கு அந்தப் பெயர் உண்டு. சிறுவனாக மேடையை ஆண்ட வில்லியம் பெட்டி 'இளம் ராஸ்கியஸ்'. நியூயார்க்கில் பிறந்து ஐரோப்பா முழுவதும் நடித்த கறுப்பினக் கலைஞர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 'ஆப்பிரிக்க ராஸ்கியஸ்'. ஆல்ட்ரிட்ஜின் படங்கள் எந்தத் தொகுப்பிலும் அரியவை. பெயர் எழுதப்படாமல் பட்டத்தை மட்டும் சுமந்து நிற்கும் ஒரு படத்தை அவருடைய அடையாளத்தோடு இணைக்கும்போது, அவரை ஆராய்கிற எவருக்கும் அது தென்படத் தொடங்குகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த தருணங்கள் இத்தகையவை.

எலன் ட்ரீ

இணைப்பின் பயன் எதில் இருக்கிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் எலன் ட்ரீ. 1805இல் பிறந்தவர், இளம் வயதிலிருந்தே பெயர்பெற்ற நடிகை. 1842இல் சார்லஸ் கீனை மணந்தார். அதன்பின் அறிவிப்புகளிலும் படங்களிலும் அவர் 'மிஸஸ் சார்லஸ் கீன்' அல்லது வெறும் 'மிஸஸ் கீன்'. நம் பட்டியலில் 'மிஸ் எலன் ட்ரீ' ஓர் ஆள், 'மிஸஸ் சார்லஸ் கீன்' வேறோர் ஆள். ஒரு பெயரில் தேடியவருக்கு மற்றப் படங்கள் கிடைக்காது. அவருடைய மேடை வாழ்க்கை ஒரே தொகுப்புக்குள் இரண்டாக வெட்டுண்டு கிடந்தது. ஒரே அடையாளத்தோடு இரண்டையும் இணைத்ததும், இளம் நடிகை முதல் முதுமை வரையிலான படங்கள் காலவரிசையில் ஒரே பக்கத்தில் வந்து நின்றன.

வெளித் தளங்களுக்குப் போகும் வழிகளைத் திறப்பதே இந்தத் திட்டத்தின் நோக்கம் என்று தொடக்கத்தில் பேசினோம். எலன் ட்ரீக்குப் பிறகு என் எண்ணம் வேறாயிற்று. வெளியிலிருந்து வரும் அடையாளத்தின் முதல் பயன், நம் பெட்டிகளுக்குள் இருப்பவை ஒன்றையொன்று கண்டுகொள்வது. சிறப்புத் தொகுப்புகளில் இது பெண்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மணத்தோடு பெயர் மாறியவர்கள் அவர்கள்தாம், பட்டியல்களில் சிதறிக் கிடப்பவர்களும் அவர்கள்தாம். 'மிஸஸ்' என்று தொடங்கும் எல்லா வரிகளையும் வடிகட்டி, விக்கித்தரவில் கணவரைக் கண்டு, வாழ்க்கைத்துணை என்ற பி26 பண்பின் வழியாக மனைவியை அடைவது நல்ல உத்தி. ஆனால் அங்கும் கவனம் வேண்டும்: ஒருவர் இருமுறை மணந்திருக்கலாம், 'மிஸ் ட்ரீ' என்பது எலனின் அக்காள், பாடகி மரியா ட்ரீயாகவும் இருக்கலாம்.

வேடம், நாடகம், அரங்கு

'மூன்றாம் ரிச்சர்ட்' என்ற சொல்லைப் பொருத்தச் சொன்னால் மூன்று விடைகள் வருகின்றன: 1485இல் பாஸ்வொர்த் போரில் இறந்த மன்னர், ஷேக்ஸ்பியரின் நாடகம், அந்நாடகத்தின் பாத்திரம். மன்னருக்கே புகழ் அதிகம். அவரே பட்டியலின் உச்சியில் வருகிறார். அதை ஏற்றுக்கொண்டால் நடிகரின் படத்துக்குக் கீழே மன்னரின் பிறப்பும் இறப்பும் தோன்றும். வேடத்தையும் நாடகத்தையும் தனித்தனி நெடுவரிசைகளில் வைத்து, நாடகத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்நாடகத்தின் பாத்திரங்களுக்குள் மட்டும் வேடத்தைத் தேடினால் குழப்பம் வருவதில்லை. வேடத்துக்குத் தனி உருப்படி இல்லாதபோது சொல்லை அப்படியே விட்டு, நாடகத்தை மட்டும் இணைத்தேன்.

இந்தப் பிரிப்பு ஒரு நல்ல வாசலைத் திறந்தது. ஹேம்லெட் வேடத்தைச் சொடுக்கினால் எட்வின் பூத்தும் வருகிறார், 1899இல் அதே வேடத்தைக் கட்டிய சாரா பெர்ன்ஹார்ட்டும் வருகிறார். ரோமியோவுக்குப் போனால் 1845இல் லண்டனில் தன் தங்கையை ஜூலியட்டாக வைத்துத் தானே ரோமியோவாக நடித்த ஷார்லட் குஷ்மன். ஆண் வேடமிட்ட பெண்களைப் பற்றி ஆராய்கிறவர் முன்பு தாள் தாளாகப் புரட்ட வேண்டியிருந்தது; இப்போது வேடத்தின் வழியே நடிகரின் பாலினப் பண்புக்குப் போய் ஒரே வினவலில் பட்டியல் எடுத்துவிடலாம்.

அரங்குகளில் பெயர் நிலைத்திருக்க, கட்டடம் மாறிவிடுகிறது. ட்ரூரி லேன் 1809இல் எரிந்தது. இன்று நிற்பது 1812இல் திறந்தது. பூத் சகோதரர்கள் நடித்த விண்டர் கார்டன் 1867இல் எரிந்துபோனது. நியூயார்க்கில் இன்று அதே பெயரில் இருப்பது 1911இல் திறந்த வேறோர் அரங்கு. 1864ஆம் ஆண்டு அறிவிப்புத் தாளை இன்றைய அரங்கோடு இணைத்தால் வரைபடத்தில் புள்ளி தவறான தெருவில் விழும். திறந்த ஆண்டையும் மூடிய ஆண்டையும் வினவலில் சேர்த்து, தாளின் தேதி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று சரிபார்க்கும் ஒரு வரி எழுதியது பல இடங்களில் காப்பாற்றியது.

புகைப்பட நிலையங்கள் பற்றி ஒரு சொல். அட்டையில் 'பிரேடி' என்று அச்சிட்டிருந்தால் படமெடுத்தவர் மாத்யூ பிரேடி என்று எழுதிவிடத் தோன்றும். அவருடைய நிலையத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் போன்றோர் வேலை செய்தார்கள். நியூயார்க்கின் நெப்போலியன் சரோனி 1896இல் இறந்த பிறகும் அவர் பெயரில் நிலையம் நடந்தது. எனவே உருவாக்கியவர் என்ற இடத்தில் நிலையத்தையே நிறுவனமாக வைத்தேன். தனிமனிதரை வைப்பது சான்று இருந்தால் மட்டும்.

எந்த உறவால் இணைப்பது

இணைக்கும் சொல்லிலும் கண்டிப்பு தேவை. பொருள்களின் உறவுகளை இயந்திரத்துக்குச் சொல்லும் ஓடபிள்யூஎல் மொழியின் 'சேம்ஆஸ்' (இரண்டும் ஒன்றே) என்ற உறவு மிகக் கடுமையானது: ஒன்றைப் பற்றி உண்மையானது அனைத்தும் மற்றதைப் பற்றியும் உண்மை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஒரு நூலகத்தின் பெயர்ப் பதிவையும் அந்த மனிதரையும் இப்படிச் சமன் செய்தால், பதிவு உருவாக்கப்பட்ட தேதி மனிதரின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் பட்டியல் முறையிலும் இந்த வேறுபாடு பேணப்படுகிறது. பூஜ்ஜிய உட்புலம் பெயர்ப் பதிவுக்கு, ஒன்றாம் உட்புலம் உண்மையான பொருளுக்கு. நான் சொற்களஞ்சியங்களை இணைப்பதற்கான எஸ்கேஓஎஸ் தரத்தின் சொற்களைத் தேர்ந்தேன்: உறுதியானவற்றுக்கு 'எக்ஸாக்ட் மேட்ச்', ஏறத்தாழ ஒத்தவற்றுக்கு 'க்ளோஸ் மேட்ச்'. இயந்திரங்கள் படிப்பதற்காகப் பக்கத்தில் பதிக்கும் ஜேசன்-எல்டி என்ற தரவுத் துண்டுக்கு மட்டும் ஸ்கீமா டாட் ஆர்க் சொற்கள். தேடுபொறிகள் படிப்பது அதைத்தான்.

எங்குமே கிடைக்காதவர்கள் பலர். ஒரே ஒரு பருவம் மேடையேறிய துணை நடிகைகள், ஊர் ஊராகச் சென்ற குழுக்களின் பாடகர்கள். இவர்களுக்கு நூலகத்தின் சொந்தப் பெயர்வெளியில், அதாவது அதன் இணைய முகவரியின் கீழ், யூஆர்ஐ உருவாக்கினோம். பெயரோ பெட்டி எண்ணோ அந்த முகவரிக்குள் வராமல் பொருளற்ற எண்ணாக வைத்தோம். பெயர் திருத்தப்பட்டாலும், தொகுப்பு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் முகவரி மாறக்கூடாது. 'இன்னும் அடையாளம் காணப்படவில்லை' என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைத்தோம். பொருந்தாத பெயர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டவேண்டும் என்ற நெருக்கடி இத்தகைய திட்டங்களில் வரத்தான் செய்யும். அதற்கு இணங்கக் கூடாது. தெரியாதவரைத் தெரியாதவராக வைப்பது ஒழுங்கான பட்டியலின் கடமை.

தரவைப் பேணுதல்

விக்கித்தரவில் ஆண்டு மட்டும் தெரிந்த பிறப்புத் தேதியை வினவினால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று விடை வரும். துல்லியம் என்ற தனி மதிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 9 என்றால் ஆண்டு வரை, 11 என்றால் நாள் வரை. இதைக் கேட்காமல் விட்டால் பாதி நடிகர்கள் புத்தாண்டு அன்று பிறந்தவர்களாகிவிடுவார்கள்.

பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் கேட்பது சரிப்படாது. பொது வினவல் சேவையில் ஒரு வினவலுக்கு 60 நொடிதான் வரம்பு. நெரிசல் நேரத்தில் மறுக்கவும் செய்யும். வெளித் தரவைக் குறித்த இடைவெளியில் எடுத்து, எடுத்த நாளோடு நம் சர்வரில் பிரதியாக வைத்தோம். முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு மாறியவற்றை மட்டும் ஒரு பட்டியலாகக் காட்டும் நிரல் ஒன்று உண்டு. எவரும் திருத்தக்கூடிய தளம் என்பதால் அந்தப் பட்டியலை ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே புதிய தகவல் பக்கத்துக்கு வருகிறது. உருப்படிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது பழைய எண் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடப்படும்; விஐஏஎஃப் கொத்துகளும் பிரிவதும் சேர்வதும் உண்டு. திருப்பிவிடப்பட்ட எண்களைக் கண்டுபிடித்து மாற்றுவதும் அதே நிரலின் பணி.

வாசகர் பார்க்கும் பக்கம்

கிடைத்ததையெல்லாம் காட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் வடிவத்தில் படத்துக்குப் பக்கத்தில் நீண்ட தகவல் பெட்டி இருந்தது. விருதுகள், அடக்கம் செய்த இடம், பத்துப் பதினைந்து அடையாள எண்கள். தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் சிலரை அருகில் அமர்ந்து கவனித்தபோது அந்தப் பெட்டியின் கீழ்ப்பாதிக்கு யாருடைய கண்ணும் போகவில்லை. அவர்கள் தேடியவை மூன்று: இவர் யார், எந்த நாடகம், இதேபோல் வேறு என்ன இருக்கிறது. எனவே பெட்டி சுருங்கியது. பெயர், வாழ்ந்த ஆண்டுகள், ஒரு வரி அறிமுகம். அதன் கீழே அதே நடிகர், அதே வேடம், அதே அரங்கு என்று நம் தொகுப்பின் மற்றப் படங்கள். கடைசியில் வெளித் தளங்கள். எந்தத் தகவல் நூலகத்தினுடையது, எது வெளியிலிருந்து வந்தது என்பது நிறத்தாலும் சொல்லாலும் பிரித்துக் காட்டப்படுகிறது. இந்தப் பிரிவினையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நூலகத்தின் பக்கத்தில் இருப்பதை வாசகர் நூலகத்தின் வாக்காகவே எடுத்துக்கொள்கிறார்.

விக்கித்தரவின் பெயர்கள் பல மொழிகளில் இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைத்தது. அவற்றைத் தேடல் அட்டவணையில் சேர்த்ததும் ஆங்கிலத்தில் மட்டும் விவரம் உள்ள படத்தைத் தமிழிலோ ரஷ்ய மொழியிலோ பெயர் எழுதித் தேட முடிகிறது. பக்கத்தில் எதுவும் மாறவில்லை. கிடைப்பது மட்டும் மாறியிருக்கிறது.

திருப்பிக் கொடுத்தல்

எடுத்துக்கொண்டதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தின் அடியில் உள்ள அச்சுத் தேதியும், அறிவிப்புத் தாளில் உள்ள நடிகர் வரிசையும் வேறெங்கும் இல்லாத சான்றுகளாக இருக்கக்கூடும். விக்கித்தரவில் மேற்கோள் இல்லாமல் கிடந்த மேடையேற்றத் தேதிகளுக்கு எங்கள் அறிவிப்புத் தாள்களின் நிலையான முகவரியைச் சான்றாகச் சேர்த்து வருகிறோம். காப்புரிமைக் காலம் முடிந்த படங்கள் கட்டற்ற படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போகின்றன. அங்கே 'சித்திரிப்பது' என்ற பண்பில் நடிகரும் வேடமும் தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன. நூலகம் உருவாக்கிய யூஆர்ஐகளில் எவருக்கு வெளியே தனி உருப்படி திறக்கலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். குறிப்பிடத்தக்க வெளிச்சான்று இருந்தால் மட்டுமே திறக்கிறோம்.

முழுத் தரவும், சான்று எழுதிய அந்த நான்கு நெடுவரிசைகளோடு, சிசி0 உரிமத்தில் தரவிறக்கக் கிடைக்கிறது. அடுத்து எடுக்கவிருப்பது அட்டைகளின் பின்புறம். புகைப்பட நிலையங்களின் பெயரும் தெருவும் முத்திரையாக அங்கேதான் இருக்கின்றன. நிலையங்கள் இடம் மாறிய ஆண்டுகள் தெரிந்தால், தேதியில்லாத படங்களுக்குத் தேதியின் எல்லையைக் குறிக்க முடியும். 'மிஸ்டர் கீன்' என்று மட்டும் எழுதி ஐயத்தில் நிறுத்திவைத்திருக்கும் அட்டைகளை அந்த முத்திரைகள் வந்த பிறகு மறுபடியும் திறக்க வேண்டும்.